ஆடிச் சாரலில் திரும்பி வரும் மூத்திர வாடை: நாய் பூனை வளர்க்கும் கொங்கு வீடுகளுக்கான கேள்வி பதில்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் வீடு. இரண்டு நாய்கள், வயதான பூனை ஒன்று. பங்குனியில் வந்த விருந்தாளிகள், வீட்டுக்குள் நாய் வளர்க்கிறோம் என்றால் நம்ப மாட்டார்கள். ஆடியில் வருகிறவர்களிடம் சொல்லவே வேண்டாம், படியேறும்போதே தெரிந்துவிடும். பத்து வருடமாக இதோடு மல்லுக்கட்டியதில் கற்றது கொஞ்சம், காசைக் கரியாக்கியது கொஞ்சம். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

வெயில் காலத்தில் இல்லாத வாடை மழை வந்ததும் எங்கிருந்து வருகிறது?

எங்கிருந்தும் வரவில்லை. அங்கேயேதான் இருந்தது.

மூத்திரத்தில் பெரும்பகுதி தண்ணீர். மீதியில் முக்கியமானவை யூரியாவும் பல வகை உப்புகளும். தண்ணீர் ஆவியாகிப் போனாலும் இவை தரையின் நுண்துளைகளிலும், டைல்ஸ் இடுக்கிலும், மெத்தைக்குள்ளும் தங்கிவிடும். பாக்டீரியா யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்கும். கண்ணை எரிக்கும் நெடி அதுதான். சித்திரை வெயிலில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது பாக்டீரியாவும் சும்மா கிடக்கும், வாடையும் எழும்பாது. காற்றில் ஈரம் ஏறியதும் அந்த உப்புகள் ஈரத்தை இழுத்து நனைந்துகொள்ளும். பாக்டீரியாவுக்கு மறுபடி வேலை வந்துவிடும்.

பூனை மூத்திரம் இன்னும் ஒரு படி மேல். பூனையின் உடல் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் உடல் என்பதால் அதன் மூத்திரம் கெட்டியானது. அதில் ஃபெலினின் என்ற அமினோ அமிலமும் உண்டு. அது சிதையும்போது கந்தகம் கலந்த பொருள்கள் வெளிவரும். காயடிக்காத கடுவன் பூனையிடம் இது மிக அதிகம்.

எல்லா ஊருக்கும் ஒரே கணக்கு இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று பொள்ளாச்சி, ஆனைமலை, கோவையின் மேற்குப் பகுதிகளை ஆனி, ஆடி, ஆவணியில் நசநசவென்று வைத்திருக்கும். காங்கேயம், தாராபுரம் பக்கம் அப்போது காற்றுதான், மழை குறைவு. அவர்களுக்கு வாடை கிளம்பும் காலம் ஐப்பசி, கார்த்திகை. வால்பாறைக்காரர்களுக்கோ வருடத்தில் பாதி ஈரம்தான். ஆனால் மலையை விட்டுக் கீழே இறங்கினால் நம் ஊருக்கு ஒரு கொடுப்பினை உண்டு: மாசியிலிருந்து சித்திரை வரை நல்ல வறட்சி. கடலோர ஊர்களுக்கு அது கிடைப்பதில்லை. பெரிய சுத்தம் எல்லாவற்றையும் அந்த மாதங்களில் முடித்துவிட வேண்டும். நாம் செய்வது தலைகீழ். வாடை வராத மாதத்தில் மறந்துவிட்டு, எதுவுமே காயாத மாதத்தில் வாளியைத் தூக்குகிறோம்.

இப்போதுதான் சோபா மேல் ஒண்ணுக்குப் போய்விட்டது. உடனே என்ன செய்வது?

ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். பழைய துண்டு, வேட்டி, எது கையில் கிடைக்கிறதோ அது. எங்கள் வீட்டில் பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை எப்போதும் இருக்கும். ஒர்க்‌ஷாப்களில் எண்ணெய் துடைக்கக் கிலோ கணக்கில் வாங்குவார்களே, அதே துணி. பருத்தியாகப் பார்த்து வாங்கினால் நன்றாக உறிஞ்சும், துடைத்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். நாலைந்து மடிப்பாக வைத்துக் கையால் அழுத்துங்கள். தரைவிரிப்பாக இருந்தால் மேலேயே ஏறி நில்லுங்கள். துணி நனைய நனைய மாற்றுங்கள். அப்புறம் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றுங்கள். வெந்நீர் வேண்டாம், கறை பிடித்துக்கொள்ளும்.

டைல்ஸ் தரையில் முதலில் மாப்பை எடுக்காதீர்கள். ஓரிடத்தில் கிடந்ததை அறை முழுக்க உள்ள இடுக்குகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் வேலை அது.

பினாயில் போட்டுத் துடைத்தால் போதாதா?

இந்தக் கேள்வி கேட்காத வீடே இல்லை. போதாது, சில வீடுகளில் ஆபத்தும்கூட.

பினாயில் கிருமியைக் கொல்லும், தன் வாசனையால் மற்ற வாசனையை மூடும். தரைக்குள் இறங்கிய உப்பை வெளியே எடுப்பது அதன் வேலையே அல்ல. இரண்டு நாளில் பினாயில் வாசனை போகும், மூத்திர வாடை தலைகாட்டும். நாமும் அளவைக் கூட்டுவோம். என் சின்ன மாமியார் வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், ஒரு மூலை இருக்கிறது. பினாயிலும் மூத்திரமும் கலந்து, பழைய பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறையின் வாசனை அப்படியே வரும். பத்து வருடப் பினாயில் அந்தத் தரைக்குள் இருக்கிறது.

ஆபத்து பூனைக்கு. கறுப்புப் பினாயில் போன்ற ஃபீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடக்கும், பிறகு உட்கார்ந்து காலை நக்கும், அவ்வளவுதான், உள்ளே போய்விட்டது. பூனை உள்ள வீட்டில் கறுப்புப் பினாயில் வேண்டவே வேண்டாம். மற்ற கிருமிநாசினி எதைப் போட்டாலும் நல்ல தண்ணீரில் ஒருமுறை துடைத்து, தரை காயும் வரை பூனையை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

பிளீச்சிங் பவுடர்?

மூத்திரத்தின் மேல் நேராகப் போடாதீர்கள். மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியாவும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரமின் வாயு வரும். நெஞ்சு அடைக்கும், கண்ணும் தொண்டையும் எரியும். ஜன்னல் சாத்திய மழைக்கால அறையில் இது விளையாட்டில்லை. பிளீச்சோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டையோ வினிகரையோ சேர்த்தால் வருவது குளோரின் வாயு, அது இன்னும் மோசம்.

என்சைம் கிளீனர் உண்மையிலேயே வேலை செய்யுமா? எங்கள் சாயப்பட்டறையில் பயோ வாஷ் என்சைம் இருக்கிறது, அதையே ஊற்றலாமா?

திருப்பூர்க்காரர்தான் இப்படிக் கேட்க முடியும். நியாயமான கேள்விதான். ஆனால் ஊற்றக் கூடாது.

என்சைம் என்பது ஒரே பொருளின் பெயர் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு பூட்டுக்கான சாவி. டி-ஷர்ட்டின் மேல் எழும் பஞ்சு முடியை எடுக்கப் பட்டறையில் போடுவது செல்லுலேஸ். அது பருத்தியைத் தின்னும், யூரியாவை ஏறெடுத்தும் பார்க்காது. உங்கள் பருத்தி மெத்தை உறைதான் மெலியும். துணி துவைக்கும் பவுடர்களில் இருக்கும் புரோட்டியேஸ் இன்னொரு சாவி. அது புரதத்தை உடைக்கும், அதனால் வாந்தி, இரத்தம், மலக் கறைகளுக்கு நன்றாகக் கேட்கும். செல்லப்பிராணிக் கறைக்கென்று விற்கும் கிளீனர்களில் புரோட்டியேஸ், யூரியேஸ் போன்ற சில என்சைம்களோ, அவற்றைச் சுரக்கும் உயிருள்ள பாக்டீரியாவோ இருக்கும். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். வெறும் வாசனைத் திரவியத்தை அழகான பாட்டிலில் அடைத்துத் தருகிறவர்களும் உண்டு.

பாட்டில்களில் 'யூரிக் அமிலம்' என்று பெரிய எழுத்தில் மிரட்டியிருப்பார்கள். நமக்குத்தான் யூரிக் அமிலம் அதிகம். பெரும்பாலான நாய், பூனைகளின் ஈரல் அதை அலன்டாயின் என்ற, தண்ணீரில் எளிதாகக் கரையும் பொருளாக மாற்றிவிடும். நாய்களில் டால்மேஷன் அதற்கு விதிவிலக்கு. அதனால் மிரள வேண்டாம். யூரியாவையும் புரதத்தையும் உடைத்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது.

வாங்கியவர்களில் பாதிப்பேர் 'வேலை செய்யவில்லை' என்பதற்குக் காரணம் பயன்படுத்தும் முறை. மேலே நாலு தடவை பீய்ச்சிவிட்டு உடனே துடைத்துவிடுகிறார்கள். மூத்திரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ அவ்வளவு ஆழம் கிளீனரும் போக வேண்டும். போட்ட இடம் லேபிள் சொல்லும் நேரம் வரை ஈரமாகவே இருக்க வேண்டும். மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு மூடி வையுங்கள். முதல் நாள் பினாயில் ஊற்றிய இடத்தில் மறுநாள் என்சைம் போட்டால் கிருமிநாசினி அதைக் கெடுத்துவிடும், முதலில் தண்ணீரால் நன்றாக அலசியாக வேண்டும்.

எலுமிச்சைத் தோல், வெல்லம் போட்டு வீட்டிலேயே செய்யும் பயோ என்சைம்?

வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம். நானும் போட்டுப் பார்த்தேன். மூன்று மாதம் கழித்துக் கிடைப்பது பெரும்பாலும் புளித்த தண்ணீர், வினிகருக்குத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் புளிப்பு அம்மோனியாவை அடக்கும், அதனால் கொஞ்சம் பலன் தெரியும். யூரியாவை உடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வடிகட்டாமல் ஊற்றினால் எறும்பு வரிசை கட்டும். பாட்டிலை முதல் மாதம் தினமும் திறந்து காற்றை வெளியேற்றாவிட்டால் ஒரு நாள் ராத்திரி வெடிக்கும். எங்கள் அடுப்படியில் நடந்தது. மூடி பரணில் கிடைத்தது.

வினிகர், சமையல் சோடா, பெராக்சைடு: எதை எந்தத் தரைக்குப் போடலாம்?

தரையைப் பார்த்துத்தான் மருந்து.

விட்ரிஃபைடு டைல்ஸும் கிரானைட்டும் எதையும் தாங்கும், அவற்றின் இடுக்குச் சிமெண்ட் தாங்காது. பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரை சிமெண்ட்டால் ஆனது. மொசைக்கும் அப்படித்தான், சிமெண்ட்டோடு சலவைக்கல் துண்டுகள். கடப்பா கல் என்பது சுண்ணாம்புக் கல். மார்பிளைச் சொல்லவே வேண்டாம். இவை எல்லாவற்றின் மேலும் புளிப்பு எது பட்டாலும் கல் அரிக்கப்பட்டு மினுமினுப்புப் போகும். வினிகர், எலுமிச்சை, மேலே சொன்ன பயோ என்சைம், ஆசிட் எல்லாம் அதில் அடக்கம். மினுமினுப்புப் போன இடம் முன்னைவிட அதிகம் உறிஞ்சும், அடுத்த முறை நாய் போனால் இன்னும் ஆழமாக இறங்கும். இந்தத் தரைகளுக்கு மிதமான சோப்புத் தண்ணீர், அதன்பின் என்சைம் கிளீனர், அவ்வளவுதான்.

துணி, பஞ்சு, இடுக்குச் சிமெண்ட்டில் படாமல் டைல்ஸ் ஆகியவற்றுக்கு வினிகரைச் சம அளவு தண்ணீர் கலந்து போடலாம். அம்மோனியா உப்பாக மாறி அடங்கும். பிறகு ஒற்றி எடுத்துவிட வேண்டும். சமையல் சோடா காய்ந்த இடத்தில் தூவி ஒரு ராத்திரி வைத்து வாரி எடுக்க உதவும். ஈரமாகக் கிடக்கும் மூத்திரத்தின் மேல் கொட்டினால் பலன் குறைவு.

ஹைட்ரஜன் பெராக்சைடுதான் இந்த மூன்றில் கெட்டிக்காரன், கூடவே ஆபத்தானவன். மெடிக்கலில் கிடைக்கும் பாட்டில் பெரும்பாலும் 6 சதவீதம். சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம் ஆகும். ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் சமையல் சோடா, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. கலந்த உடனே பயன்படுத்துங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். நிறத்தை வெளுக்கும் குணம் உண்டு, அதனால் கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் போட்டுப் பாருங்கள். பட்டு, கம்பளி, தோல் பக்கம் போகாதீர்கள்.

மறுபடி திருப்பூர், ஈரோட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பிளீச்சிங் யூனிட்டில் இருக்கும் பெராக்சைடு 50 சதவீதம். தெரிந்தவர் இருக்கிறார் என்று ஒரு கேன் வாங்கி வீட்டில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தோலைச் சுட்டுவிடும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், பஞ்சு, மரத்தூள் மேல் சிந்தினால் தீப்பிடிக்கவும் கூடும். பட்டறைப் பொருள் பட்டறையிலேயே இருக்கட்டும்.

வாடை வருகிறது, இடம் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுத் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை அடித்துப் பாருங்கள். காய்ந்த மூத்திரம் மங்கலான மஞ்சள் பச்சையாக ஒளிரும். பளீரென்ற நீலமாகத் தெரிவது பெரும்பாலும் சோப்புப் பவுடர் மிச்சமும், வெள்ளைத் துணியில் வெண்மைக்காகப் போடும் பிரைட்னரும். முதல் தடவை பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தலை சுற்றியது, நாயின் மேல் அநியாயப் பழி. பாதி என் சட்டைகள். டார்ச்சை ஆள் கண்ணிலோ நாய் கண்ணிலோ அடிக்காதீர்கள். கண்டுபிடித்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள், விடிந்ததும் மறந்துபோகும்.

மெத்தைக்குள் போய்விட்டால் காப்பாற்ற முடியுமா?

மெத்தையைப் பொறுத்தது. மேலே ஒரு கை அகலம் தெரிந்தால் உள்ளே அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பரவியிருக்கும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

தென்னைநார் மெத்தை நம் பக்கத்துச் சரக்கு. நாருக்கு நடுவே காற்றுப் போவதால் வெயில் காலத்தில் காய்ந்துவிடும். கொஞ்சமாக என்சைம் விட்டு, அலசி, வெயிலில் செங்குத்தாக நிறுத்தினால் பிழைக்கும். ஃபோம் கடினம். இலவம்பஞ்சு என்றால் பிரித்து, நனைந்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, மீதியைக் காயவைத்துப் புது உறையில் அடைத்து வாங்குங்கள். அதைத் துவைக்கப் போனால் கட்டி கட்டியாகி, கடைசியில் மெத்தை இருக்காது.

சோபாவுக்கு ஒரு வழி: கார் வாட்டர் வாஷ் செய்யும் கடைகளில் ஈரம் உறிஞ்சும் வேக்கம் மெஷின் இருக்கும். சீட் சுத்தம் செய்யும் அதே மெஷின். குஷனை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் செய்து தருவார்கள். கையால் பிழிவதைவிடப் பல மடங்கு தண்ணீர் வெளியே வரும்.

மழை விட்ட பாடில்லை. எப்படிக் காயவைப்பது?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சுத்தம் செய்வது பாதி வேலை, காயவைப்பது மீதிப் பாதி. நம் ஊரில் தோற்பது அந்த இரண்டாம் பாதியில்தான்.

ஈரமாகவே மூன்று நாள் கிடக்கும் மெத்தையில் மூத்திர வாடை போய்ப் பூசண வாடை வரும். முன்னதாவது இடம் பார்த்து இருந்தது, பின்னது வீடு முழுக்கப் பரவும். அதனால் முதல் விதி, எத்தனை தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியுமோ அத்தனைதான் ஊற்ற வேண்டும். ஆடி, ஐப்பசியில் வாளி வேண்டாம், ஸ்பிரே பாட்டில் போதும்.

அடுத்தது ஜன்னல். காற்றோட்டம் நல்லது என்று சாரல் அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட ஈரமாக இருந்தால் அது ஈரத்தைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் வேலை. மழை விட்டு, வெயில் தலைகாட்டும் பதினொரு மணிக்குத் திறங்கள், மூன்று மணிக்குச் சாத்துங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று இருந்தால் இந்தச் சந்தேகமே வராது. வீட்டுக்குள் 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் பூசணம் அடங்கியிருக்கும்.

ஃபேனைக் காற்று மேலிருந்து விழும்படி வைக்காதீர்கள். டேபிள் ஃபேனைத் தரையில் வைத்து, ஈரமான இடத்தை உரசிக்கொண்டு காற்றுப் போகும்படி திருப்புங்கள். மெத்தையைச் சுவரில் சாய்த்தால் சுவருக்கும் அதற்கும் நடுவே இரண்டு செங்கல் இடைவெளி இருக்கட்டும். ஏசி இருந்தால் அந்த அறைக்குள் கொண்டுபோய் டிரை மோடில் ஓட்டுங்கள். வால்பாறை போன்ற இடங்களில் ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் வாங்குவது வீண் செலவில்லை. கீழே இருக்கும் நமக்கு, வருடத்தில் மூன்று மாதத்துக்காக அது வேண்டுமா என்று நானே இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உப்புத் தண்ணீரில் கழுவலாமா?

முதல் கழுவலுக்குச் சரி. கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகப் படியும். காய்ந்தபின் அந்தத் தண்ணீரின் உப்பும் துணியில் தங்கும். ஒரு உப்பை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பானேன்? சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை.

கடுவன் பூனை சுவரில் பீய்ச்சுகிறது. எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் வருகிறது.

வெள்ளையடிப்பது அதை உள்ளே வைத்துப் பூட்டுவதில்லை. சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் சல்லடை மாதிரி, வாடை ஊடுருவி வரும். பாதித்த இடத்தை, தெரிவதைவிட ஒரு அடி கூடுதலாக, சுரண்டி எடுங்கள். என்சைம் போட்டு, வெயில் காலமாகப் பார்த்து ஒரு வாரமாவது காயவிடுங்கள். அப்புறம் எண்ணெய் அடிப்படையிலான பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் கழுவக்கூடிய எமல்ஷன். சுவரில் ஏற்கெனவே ஓதம் இருந்தால் பிரைமர் உப்பிக்கொண்டு வரும், முதலில் ஓதத்தைப் பாருங்கள்.

நிஜமான மருந்து பெயிண்ட் கடையில் இல்லை. காயடித்துவிட்டால் பெரும்பாலான கடுவன்கள் பீய்ச்சுவதை நிறுத்திவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துவிடும். மூத்திரத்தின் நெடியும் குறையும்.

தேக்கு வாசல் நிலவில் நாய் காலைத் தூக்குகிறது, மரம் கறுத்துவிட்டது.

ஆசாரியைக் கூப்பிடுங்கள். அது மரத்துக்குள் இறங்கிய கறுப்பு, துடைத்தால் போகாது. இழைத்து, தேய்த்து, மறுபடி பாலிஷ் போட வேண்டும். அடியில் ஒரு முழ உயரத்துக்கு நல்ல வார்னிஷ் இரண்டு கோட் போடச் சொல்லுங்கள்.

நீலகிரித் தைலம், கற்பூரம், சாம்பிராணி போட்டால் வாடை போகுமா?

வாடை போகாது, வாசனை கூடும். ஊட்டிக்குப் போனால் ஆளுக்கொரு பாட்டில் தைலம் வாங்கி வருவது நம் வழக்கம், அதை மாப் தண்ணீரில் விடுகிறவர்கள் நிறைய. நமக்கு மூக்கடைப்பு நீங்கும். பூனைக்கு அது விஷம், நாய்க்கும் நக்கினால் ஆகாது. கற்பூரமும் அந்துருண்டையும் அப்படியே. நாய் உருண்டையை விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். சாம்பிராணி வெள்ளிக்கிழமைக்குப் போடுங்கள், வாடைக்கு வேண்டாம்.

பூனைக்கு மணல் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. தென்னைநார்த் தூள் போடலாமா? சாம்பல்?

தென்னைநார்த் தூள் போடலாம். கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கம் மலைபோல் குவிந்து கிடக்கும் பொருள், தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். நன்றாகக் காய்ந்ததாக வாங்குங்கள். குறை என்னவென்றால் காலில் ஒட்டி வீடு முழுக்க வரும், வெள்ளைப் பூனை காபிப் பூனையாகும். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தையே குடித்து நிரம்பிவிடும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றியதைத் தென்னைக்குப் போடலாம், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

சாம்பல் வேண்டாம். மலத்தின் மேல் தூவுவது வேறு, அது உலர்த்தும். மூத்திரத்தில் சாம்பலோ சுண்ணாம்போ பட்டால் அதன் காரத்தன்மை அம்மோனியாவை வாயுவாகக் கிளப்பிவிடும், நெடி இரட்டிப்பாகும்.

பெட்டிகளின் எண்ணிக்கை, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும். ஒரு பெட்டியை மூன்று பூனைகளுக்குக் கொடுத்துவிட்டு, சோபாவில் போகிறது என்று திட்டக் கூடாது.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள். யார் சுத்தம் செய்வது?

அவரைத் தவிர யார் வேண்டுமானாலும். பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கக் கூடும், அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. மலம் வெளிவந்து ஒன்று முதல் ஐந்து நாள் ஆன பிறகுதான் அது தொற்றும் நிலைக்கு வரும். அதனால் தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து பெரிதும் குறையும். பூனையை விரட்ட வேண்டியதில்லை.

நாய் மூத்திரம் துடைக்கும் யாரும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் எலியிடமிருந்து மட்டும் வருவதில்லை. நாய்க்கு அதற்கான தடுப்பூசி உண்டு.

பழக்கிய நாய் திடீரென்று வீட்டுக்குள் போக ஆரம்பித்துவிட்டது. அடித்தால் திருந்துமா?

அடிக்காதீர்கள். அது கோபத்தில் செய்வதில்லை. மூத்திரத் தொற்று, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, முதுமை என்று காரணம் பல. பக்கத்து கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள். பெரிய பரிசோதனை வேண்டுமென்றால் நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கடுவன் பூனை முக்கி முக்கிப் பார்த்தும் சொட்டு வரவில்லையென்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அடைப்பாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

அப்பத்தா காலத்தில் தோட்டத்துச் சாளை வீட்டில் நாலு நாய் இருந்தது. இந்தப் பாடு இல்லையே?

அந்த நாய்கள் மாட்டுக் கட்டுத்தறியில் படுத்தன. வீட்டுக்குள் ஃபோம் சோபா இல்லை. தரையில் சாணி மெழுகி, கெட்டுப்போனால் அதன்மேல் மறுபடி மெழுகினார்கள். பூனை பரணில் எலி பிடித்தது, வேலையை வெளியே காட்டில் முடித்துக்கொண்டது. நாம் நாயை உள்ளே கூப்பிட்டோம், கூடவே ஜன்னலையும் சாத்திக்கொண்டோம்.

வாடகை வீட்டைக் காலி செய்கிறோம். அட்வான்சில் பிடிப்பார்களே?

பிடிப்பார்கள். நாங்களும் இழந்திருக்கிறோம். ஆடியில் வீட்டைக் காட்டியதுதான் நாங்கள் செய்த பிழை. முடிந்தால் பங்குனி, சித்திரையில் காலி செய்யுங்கள். ஒரு மாதம் முன்பே டார்ச் அடித்து, இடம் கண்டு, டைல்ஸ் இடுக்குச் சிமெண்ட்டை அந்த இடங்களில் மட்டும் சுரண்டிப் புதிதாக எபாக்சி கிரவுட் போட்டுவிடுங்கள். பெரிய செலவில்லை, ஒரு மேஸ்திரிக்கு அரை நாள் வேலை.

போய்விட்டது என்று எப்படி நம்புவது?

உங்கள் மூக்கை நம்பாதீர்கள், அதற்குப் பழகிவிட்டது. இடம் நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் வெறும் தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். ஜன்னல், கதவைச் சாத்திவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். ஆடிச் சாரல் செய்வதை நீங்களே முன்கூட்டிச் செய்து பார்ப்பதுதான் இது. காலையில் வெளியூரிலிருந்து வந்த யாரையாவது முதலில் உள்ளே அனுப்புங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலைக்குச் சம்பந்தியம்மா. அவர் ஒன்றும் சொல்லாமல் காபி கேட்டால் போய்விட்டது. "ஏனுங்க, ஜன்னலைக் கொஞ்சம் தொறக்கலாமுங்களா?" என்றால் மறுபடி ஒரு பாட்டில் என்சைம்.